கலெக்டர் குடித்த பால்

என் கழுத்துக்கு என்னைவிட முப்பது வயது அதிகம் என்று எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு முப்பத்தைந்து. கணக்கு தெளிவாகவே இருந்தது. கழுத்து ஓய்வுபெறும் வயதைத் தாண்டிவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நானும் கூடவே கிளம்ப வேண்டியதுதான். பத்து வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே இருந்ததற்கு இது பரிசு. “இனிமே நிமிர்ந்து பாக்கற வேலையா பாருங்க” என்றார். இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அதை வேலை என்று என் பழைய ஆய்வகத்தின் தலைவி ஸ்டெல்லா மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே நான் ஓய்வுபெற்றவள்தான்.

சென்ற மாதம் பிரியாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆய்வகத்தில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். “அக்கா, புது கேமரா வந்திருக்கு. ஸ்லைடை உள்ள வெச்சா அதுவே எண்ணிடுது. இனிமே அந்த மீதிச் சொட்டு ஸ்லைடு போடறதை நிறுத்திடலாமா? யாருமே அதைப் பாக்கறதில்லையே. மேடத்துகிட்ட கேக்க பயமா இருக்கு. நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்.”

எனக்கும் பயம்தான் பிரியா. வேலை விட்டுப் போனாலும் பயம் பென்ஷன் மாதிரி மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். அதனால் மேடத்திடம் கேட்பதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீட்டில் கேட்டால் நான் மூன்று பதில்கள் வைத்திருந்தேன். அவசரக்காரர்களுக்கு: லேப். கொஞ்சம் நின்று கேட்பவர்களுக்கு: ரத்தம். விடாமல் கேட்பவர்களுக்கு மட்டும் முழு பதில்: சின்ன வயதிலேயே அடிக்கடி எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எடுக்க வேண்டிவந்த குழந்தைகளின் ரத்த அணுக்களில், அந்தக் குறைந்த அளவுக் கதிர்வீச்சு வருடங்கள் கழித்தும் ஏதாவது தடம் விட்டிருக்கிறதா என்று தேடுவது. இதை முடிப்பதற்குள் கேட்டவர் பந்திக்குப் போயிருப்பார்.

தேடும் முறை இதுதான். குழந்தையின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை எடுத்து, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வளர்ப்போம். அவை இரண்டாகப் பிரியும் சமயத்தில் ஒரு மருந்தைப் போட்டால் பாதியில் நின்றுவிடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு உட்கரு உட்கார்ந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த இரண்டு மட்டும்தான். உள்ளே இருக்கும் மரபுச் சரடு எங்காவது அறுந்திருந்தால், அறுந்த துண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஓரமாகத் தனியே உருண்டு நிற்கும், வீடு காலி பண்ணிப் போனவர்கள் படிக்கட்டில் மறந்துவிட்ட ஒற்றை மூட்டை மாதிரி. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் ‘குட்டி’ என்போம். குட்டி எல்லோரிடமும் உண்டு. இதைப் படிக்கும் உங்களிடமும் உண்டு, பயப்பட வேண்டாம். எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதலா, அந்தக் கூடுதல் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

“இது ஊர்க்கணக்கு, ஆள்கணக்கு இல்ல” என்பார் மேடம். ஏராளமான குழந்தைகளைச் சேர்த்து எண்ணினால் ஒரு போக்கு தெரியும். ஒரே ஒரு குழந்தையின் எண்ணிக்கையை வைத்து அவளுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை ஒரு ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் என் படிப்பை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். ஒரு டிகிரி, ஒரு டிப்ளமோ, ஆறு மாதம் வெங்காயம். செல் பிரிவதைப் பார்த்துப் பழக வெங்காய வேரைவிட நல்லது கிடையாது. அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் எனக்கு வெங்காயம் நறுக்கும் வேலை கொடுக்கவில்லை. அதிலும் உட்கருவைத் தேடிக்கொண்டு நிற்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆய்வகம் ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நாள் முழுக்கக் கஞ்சி வாசனை வரும். அதற்குள் ஸ்டெல்லா மேடம். சாந்தோமில் அவர் குடும்பத்தில் அத்தனை பேரும் ஆசிரியர்கள். இவர் ஒருவர்தான் தப்பித்து டாக்டரானார். ஆனால் திருத்துகிற பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. நாங்கள் எண்ணி முடித்த ஸ்லைடை எடுத்து, வேறு எண் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் புது ஸ்லைடு மாதிரி மறுபடி எங்கள் தட்டில் வைத்துவிடுவார். முதல் தடவை ஒரு எண்ணிக்கை, இரண்டாம் தடவை வேறு எண்ணிக்கை என்று எழுதினால் முடிந்தது. திட்ட மாட்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?” என்று கேட்பார்.

இதற்குப் பழிவாங்க நானும் சேகர் அண்ணனும் ஒரு திட்டம் போட்டோம். சேகர் அண்ணன் எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர், சிந்தாதிரிப்பேட்டைக்காரர், குழந்தைக்குத் தெரியாமலே ஊசி போட்டு எடுத்துவிடுவார் என்று பெயர். நான் என் பழைய வெங்காய ஸ்லைடு ஒன்றுக்கு முறையாக எண் ஒட்டினேன். அவர் அதை மேடத்தின் தட்டில் நடுவாகச் செருகினார். மாலையில் மேடம் எல்லா அறிக்கையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் அவருடைய அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘நோயாளி நாட்டு வெங்காயம். வயது இளசு. குட்டிகள் இல்லை. சாம்பாருக்குத் தகுதி.’

மறுநாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மத்தியானம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பாரைக் கொடுத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் அண்ணன் அன்றைக்கு மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். காரம் காரணமா, குற்ற உணர்ச்சியா என்று தெரியவில்லை.

மேடத்துக்கு இரண்டு வழக்கங்கள். முதலாவது, ஒரு கேள்வி. எண்ணி முடித்துவிட்டேன் என்று போய் நின்றால், “எண்ணினியா, பார்த்தியா?” என்பார். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருமுறை கேட்டேன். அதன்பிறகு கேட்கவில்லை.

இரண்டாவதுதான் பிரியா கேட்ட மீதிச் சொட்டு. வளர்ப்புக்கு வேண்டிய ரத்தத்தைக் குழாயில் விட்டபிறகும் சிரிஞ்சின் நுனியில் ஒரு சொட்டு தங்கும். மற்ற இடங்களில் அது குப்பைக்குப் போகும். எங்களிடம் போகாது. “குழந்தைகிட்ட கெஞ்சி வாங்கின ரத்தம். அதுல மீதின்னு ஒண்ணு கிடையாது” என்பார் மேடம். அந்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டின் ஒரு ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, சொட்டைத் தொடும்வரை பின்னால் இழுத்து, விளிம்பு முழுக்க ரத்தம் பரவியதும் நிறுத்தாமல் முன்னால் ஒரே தள்ளு. பாதியில் யோசித்தால் அலையாகிவிடும். சரியாக வந்தால் கடைசியில் பூனையின் நாக்கு மாதிரி மெல்லிசாக முடியும். காயவைத்து, சாயமிட்டு, ஒரு பெட்டியில் அடுக்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை யாரும் எண்ணுவதுமில்லை. ‘மேடத்தின் அப்பளப் பெட்டி’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

இப்போது சம்யுக்தா.

மயிலாப்பூர்ப் பெண். நாலாம் வகுப்பு. பிறந்தபோதே இதயத்து வால்வு ஒன்று குறுகலாக இருந்தது. காலில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, வால்வில் ஒரு குட்டி பலூனை ஊதி அகலப்படுத்தியிருந்தார்கள். உள்ளே குழாய் எங்கே போகிறது என்று பார்க்க, அவ்வளவு நேரமும் எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வால்வு மறுபடி குறுகிவிட்டது. இன்னொரு பலூன் வேண்டும், தள்ளிப்போட்டால் இதயத்தின் சதை தடித்துவிடும் என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார். அதே சமயத்தில் அவள் எங்கள் ஆராய்ச்சியிலும் இருந்தாள். எண்ணிக்கை என்னவென்று பெற்றோர் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் விதி. இதுவரை எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை. சம்யுக்தாவின் அப்பா ரகுநாதன் கேட்டார். பாண்டி பஜாரில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர். கேட்காமல் இருப்பாரா?

எண்ணிக்கை அதிகமாக இருந்தது. சும்மா அதிகம் இல்லை. அந்த மாதம் நான் பார்த்ததிலேயே அதுதான் அதிகம். மேடம் முதலில் எங்களைச் சந்தேகப்பட்டார்: குழாய் வெயிலில் இருந்ததா, மருந்து பழசா, என் கண் சரியா. எல்லாம் சரி. “இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க” என்றார். சம்யுக்தாவோ மருத்துவமனைப் படியை இனி மிதிக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டாள். ஆகவே நானும் சேகர் அண்ணனும் குளத்துக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் ‘பழுது’ என்று ஒரு அட்டை, அட்டையே பழுப்பேறியிருந்தது. எங்களை அழைத்துப்போகச் சம்யுக்தா கீழே வந்திருந்தாள். இரட்டைப் பின்னல், விறைப்பான முகம். முதல் மாடி வந்ததும் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாள். இரண்டாம் மாடியில் நின்று யாருடைய தொட்டிச் செடியில் எத்தனை பூ என்று விளக்கினாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அதை எங்களிடம் காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பூனை படுத்திருந்தது.

“இன்னாமா இது, பூனையா கன்னுக்குட்டியா? எம்மாம் பெருசு கீது!” என்றார் சேகர் அண்ணன்.

“அது கலெக்டர்” என்றாள் சம்யுக்தா.

“அதான பார்த்தேன். துன்னுகினு தூங்கிகினு, சொம்மா ஜபர்தஸ்தா கீறாரு.”

கதவைத் திறந்த அவள் அம்மா ஹேமா, “தெருப் பூனை சார். யார் என்ன போடறாளோ தெரியலை, நாளுக்கு நாள் ஊதிண்டே போறது” என்றார். எங்களுக்குக் காபி கொடுத்தார். தனக்கு மட்டும் பால் இல்லாத டிகாஷன். எடை குறையப் பாலை விட்டு வருஷக்கணக்காகிறதாம். “இவளுக்குத்தான் பால். காத்தால ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். பால்கனியில உக்காந்துண்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சுட்டு டம்ளரைக் கொண்டுவந்து வெச்சுடுவா. அந்த விஷயத்துல தங்கம்.”

தங்கம் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேகர் அண்ணன் ரப்பர் பட்டையை அவள் கையில் கட்டிக்கொண்டே, “கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றார். பல வருடங்களாகச் சொல்லிவரும் வசனம்.

“எறும்பு எனக்குத் தெரியும். இது எறும்பு இல்ல. பொய் சொல்லாதேள் அங்கிள்.”

சேகர் அண்ணன் அசந்துபோனார். “செர்தான் நைனா. ஊசிதான். வலிக்கும். கொஞ்ச நேரம் வலிச்சுட்டு அப்பால போய்டும்.”

“இப்போ போடுங்கோ” என்று கையை நீட்டினாள். சத்தமே இல்லை. மீதிச் சொட்டில் நான் அங்கேயே, அவர்கள் சாப்பாட்டு மேசையில், ஸ்லைடு இழுத்தேன். நாக்கு நுனி நன்றாக வந்தது. அவள் கூர்ந்து பார்த்துவிட்டு, “கலெக்டர் நாக்கு” என்றாள்.

இந்தமுறை எந்த ஸ்லைடு அவளுடையது என்று எனக்குத் தெரியாதபடி மேடம் வேறு பிள்ளைகளின் ஸ்லைடுகளோடு கலந்து வைத்தார். எண்ணினேன். எந்த எண் யாருடையது என்று திறந்து பார்த்தால் அவளுடையது மறுபடியும் அதிகம்.

ரகுநாதன் தொலைபேசியில் அமைதியாகத்தான் பேசினார். “ரெண்டு தடவை எண்ணியாச்சு. ரெண்டு தடவையும் ஜாஸ்தி. அதே எக்ஸ்ரேக்குக் கீழ குழந்தையை மறுபடி படுக்க வெக்கச் சொல்றேள். நான் கையெழுத்துப் போடமாட்டேன் மேடம்.” ஊர்க்கணக்கு, ஆள்கணக்கு என்று மேடம் விளக்கினார். “அப்போ எண்ணினது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். நியாயமான கேள்வி என்பதுதான் தொந்தரவு.

மேடம் போனைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “எண்ணினியா?” என்றார்.

“ரெண்டு தடவை.”

“பார்த்தியா?”

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் வியாதியைச் சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சு ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கதிர்வீச்சாகத்தான் தெரியும். குட்டி அதிகமா, எக்ஸ்ரே. சோர்வா, எக்ஸ்ரே. சலவை அறையில் துணி வெளுத்தாலும் எங்களில் ஒருவர் எக்ஸ்ரே என்று சொல்லியிருப்போம். குட்டி வருவதற்கு வேறு வழிகளும் உண்டு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தது தெரிந்த பிறகு வேறு வழியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. மேடத்துக்கும் அதுவரை தோன்றவில்லை. அவருடைய அப்பளப் பெட்டியை அவரே திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

திறந்தோம். சம்யுக்தாவின் சாப்பாட்டு மேசை ஸ்லைடை எடுத்து வைத்தேன். எண்ணவில்லை, சும்மா பார்த்தேன். வெள்ளையணுக்களில் ஒரு வகைக்கு உட்கரு மடல் மடலாக இருக்கும். வழக்கமாக மூன்று, நாலு. இவளுடையதில் ஐந்து, ஆறு. ஒன்றில் ஏழு மடல், பட்டாணிச் சரம் மாதிரி. எக்ஸ்ரே இந்த வேலை செய்யாது. பெரும்பாலும் பி-12 சத்து குறைந்தால்தான் இப்படி ஆகும். அது குறைந்தால் சரடு ஒழுங்காகத் தைக்கப்படாது, குட்டிகளும் ஏறும்.

“மாதாவே” என்றார் மேடம். பிறகு, “ரத்தப் பரிசோதனை மெஷின் ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு இருந்துச்சே?” என்று அவரே கேட்டு, ஸ்லைடை நகர்த்திப் பக்கத்துச் சிவப்பணுக்களைப் பார்த்ததும் அவரே சிரித்துவிட்டார். ஏன் சிரித்தார் என்பதை ஆடிட்டரிடம் அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன், பொறுங்கள்.

பி-12 பரிசோதனைக்காக இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ‘எறும்பு இல்லை’ என்று சேகர் அண்ணன் உறுதி கொடுத்ததால் சம்யுக்தா மருத்துவமனைக்கே வந்தாள். அம்மா வெளியே பணம் கட்டப் போயிருந்தார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “கலெக்டர் சௌக்கியமா?” என்றேன்.

“இருக்கார்.”

“என்ன சாப்பிடறார்?”

“நீங்க டீச்சர் மாதிரி கேக்கறேள்.”

நான் பேசாமல் இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. சாயம் ஏறக் கொஞ்ச நேரம் விட வேண்டும்.

“பால்ல ஏடு இருக்கும். எனக்குக் குமட்டும். கலெக்டருக்கு ஏடுன்னா உசிரு” என்றாள்.

“தயிர் சாதம்?”

“கலெக்டர் ஸ்கூலுக்கு வரமாட்டார். அதை எலுமிச்சம்பழ சாதத்துக்கு மாத்திண்டுடுவேன். ரெண்டாங் கிளாஸ்லேர்ந்து.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “அம்மாகிட்ட சொல்லுவேளா?”

“மாட்டேன். இங்க எல்லாருக்கும் நம்பர்தான். நம்பரைத் திறக்கறது என் வேலை இல்ல.” பிறகு அவளுக்குத் தெரிய வேண்டியதையும் சொன்னேன். அவள் ரத்தத்தில் குட்டி அதிகம் என்பதால்தான் அப்பா பலூன் வேண்டாம் என்கிறார். குட்டி அதிகமானது பால் இல்லாததாலும் இருக்கலாம்.

அவள் யோசித்தாள். பள்ளியில் விளையாட்டு வகுப்பில் அவளுக்குக் கொடுத்திருந்த பதவி, மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காப்பது. அதை ஒரு கோபத்தோடு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

“அப்போ கலெக்டராலயா எனக்கு பலூன் இல்ல?”

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

பி-12 மிகவும் குறைவு என்று வந்தது. மேடம் குடும்பத்தைத் தன் அறைக்கு வரச் சொன்னார். நானும் ஓரமாக நின்றேன்.

“சார், நீங்க ஆடிட்டர்” என்று தொடங்கினார் மேடம். “உங்க க்ளையன்ட் ஒருத்தருக்கு ரங்கநாதன் தெருவுல ரெண்டு கடை. ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போகுது. இன்னொண்ணுல ஈ ஓட்டறாங்க. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து ‘சுமாரா நடக்குது’ன்னு எழுதிக் கொடுத்தா கையெழுத்துப் போடுவீங்களா?”

“நன்னா இருக்கே! எப்படிப் போடுவேன்?”

“உங்க பொண்ணு ரத்தத்தை மெஷின் அப்படித்தான் எழுதியிருக்கு. இரும்புச் சத்து இல்லாம சுருங்கின சிவப்பணு கொஞ்சம், பி-12 இல்லாம ஊதின சிவப்பணு கொஞ்சம். சராசரி அழகா வந்துடுச்சு. நாங்களும் ஏமாந்துட்டோம்.”

ரகுநாதனுக்குச் சராசரியின் அயோக்கியத்தனம் உடனே புரிந்தது. முகம் கொஞ்சம் இளகியது. பிறகு மறுபடி இறுகியது. “ஒரு நிமிஷம். பி-12 எதுல இருக்கு? பால்ல, தயிர்ல. குழந்தை தினம் ரெண்டு டம்ளர் குடிக்கறா. அப்புறம் எப்படிக் குறையும்? எக்ஸ்ரே அவ குடலையும் கெடுத்திருக்கு. அதான் உள்ள போறது ஒட்டமாட்டேங்கறது.”

கேட்கக் கேட்க, அது சரியாகத்தான் இருந்தது. ரெண்டு டம்ளர் உண்மையென்றால் குடலைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

“என் கையால குடுக்கறேன் டாக்டர்” என்றார் ஹேமா, கலங்கிப்போய். “அப்போ வயித்துக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கணுமா?”

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். கீழே பார்த்தபோது, சம்யுக்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. இனி யாரும் அவளுக்காகச் சொல்லப்போவதில்லை.

“அப்பா, நான் ஒண்ணு சொன்னா பலூனுக்குக் கையெழுத்துப் போடுவியா?”

“முதல்ல சொல்லு.”

“முதல்ல போடு.”

“என்னன்னு தெரியாம எப்படிம்மா போடறது?”

“நான் சாட்சி” என்றார் மேடம். “நீ சொல்லு கண்ணா. அப்பா நியாயமா நடந்துப்பார்.”

சம்யுக்தா மூச்சை இழுத்தாள். அந்த அறையில் படி எதுவும் இல்லை. “பாலெல்லாம் கலெக்டருக்கு ஊத்திட்டேன்.”

ரகுநாதன் விழித்தார். “எந்தக் கலெக்டர்?”

ஹேமா மட்டும் அசையவில்லை. “தினமுமா?” என்றார் மெதுவாக.

“ஞாயித்துக்கிழமை மட்டும் நானே குடிப்பேன். அன்னிக்கு நீ பக்கத்துலயே நிப்பே.”

“அதான் அது ஊதிண்டே போச்சு” என்றார் ஹேமா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததால் இரண்டும் சரியாக வரவில்லை. கதவுக்கு வெளியே காது வைத்திருந்த சேகர் அண்ணன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார், ஆனால் திட்ட வரவில்லை.

ரகுநாதன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ எக்ஸ்ரேயால இல்லையா மேடம்?”

“எக்ஸ்ரேக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்” என்றார் மேடம். “கொஞ்சம் இருக்கலாம். அதனாலதான் தேவையில்லாம எடுக்கக்கூடாதுங்கறோம். இந்த பலூன் தேவையில்லாதது இல்ல. பெரிய காரணம் கண்ணு முன்னாடி இருக்கு. அதைச் சரிபண்ணிட்டு மறுபடி எண்ணுவோம்.”

“அப்பா, பேனா” என்றாள் சம்யுக்தா.

மேடம் சொன்னபடி ரகுநாதன் நியாயமாக நடந்துகொண்டார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, “நாளைலேர்ந்து நீ பால் குடிக்கறதை நான் ஆடிட் பண்ணுவேன்” என்றார்.

மேடம் ஹேமாவுக்கும் பி-12 பார்க்கச் சொன்னார். அதுவும் குறைவு, பிறக்கும்போதே சம்யுக்தாவின் கையிருப்பு சொற்பமாக இருந்திருக்க வேண்டும். தன் பங்குப் பாலை அம்மா விட்டுவிட்டார், மகள் பங்கு பூனைக்குப் போயிற்று. அந்த வீட்டில் பி-12 குறையாத ஒரே ஜீவன் கலெக்டர்தான்.

ஊசி போட்டு ரத்தம் தேறியதும் பலூன் நடந்தது, எக்ஸ்ரேக்குக் கீழேதான். பல மாதங்கள் கழித்து மறுபடி எண்ணினேன். எக்ஸ்ரே கூடியிருந்தும் குட்டிகள் இறங்கியிருந்தன. அடியோடு போகவில்லை, யாருக்கும் போவதில்லை. மற்றப் பிள்ளைகளின் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டன. மேடம் அதே ஸ்லைடை வேறு எண்ணில் மறுபடி என் தட்டில் வைத்தார். அதே எண்ணிக்கைதான் எழுதினேன். அன்றைக்குச் சாம்பார் வந்தது, காரமில்லாமல்.

ஆகவே பிரியா, கேமரா நன்றாக எண்ணட்டும். அதற்குக் கழுத்து வலிக்காது. ஆனால் எதை எண்ணச் சொன்னோமோ அதை மட்டும்தான் அது எண்ணும். மீதிச் சொட்டை இழுத்து வை. மாதத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து, ஒன்றையும் தேடாமல் சும்மா பார். மேடத்திடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் சம்யுக்தா வருடாந்தர ரத்தம் கொடுக்க வந்தாள். உயரமாகியிருந்தாள். பழைய ஸ்லைடில் தன் ரத்தச் செல்லைப் பார்க்க வேண்டும் என்றாள். என் நாற்காலியில் உட்காரவைத்தேன். வெகுநேரம் தேடி ஒரு குட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“இது கலெக்டர் கணக்கா, பலூன் கணக்கா?”

“ஒத்தையா கேட்டா அது சொல்லாது” என்றேன். “அதுக்கே தெரியாது.”

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும்” என்று எழுந்தாள்.

கலெக்டர் எப்படி என்று கேட்டேன். ரொம்ப இளைத்துவிட்டாராம். பால் நின்றுபோனதால் மட்டும் இல்லையாம். தினமும் சாயங்காலம் கீழிருந்து மொட்டைமாடி வரைக்கும் அவள் துரத்துகிறாள், அவர் ஓட வேண்டியிருக்கிறது.